பந்தலூர் மலையில் ஒரு மதகு

என் பெட்டியிலிருந்த மாசிக் கருவாட்டின் வாசம் எனக்கு முன்பாகவே குன்னூர் ஸ்டேஷனில் இறங்கிவிட்டது. பிளாட்பாரத்தில் நின்ற இரண்டு பேர் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். பதுளையில் ஒரு தங்கை தன் அக்காவுக்கென்று கொடுத்தனுப்பிய பொட்டலம் அது. தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அக்காவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையின் நடுவே கோடு விழுந்து, அக்கா புருஷனோடு கப்பலேறிப் பந்தலூருக்கு வந்து ஆறு வருடமாகிறது. கடிதம் போட்டால் போய்ச் சேருகிறது, மாசி போட்டால் சேருவதில்லை. "சேர், நீங்கதான் இந்தியா பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே" என்று தங்கை பொட்டலத்தைக் கையில் திணித்தாள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு அந்தச் சாக்குப் போதும்.

அக்காவின் பெயர் சிவகாமி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மணிமணியான எழுத்து. நான் கரும்பலகையில் எழுதுவதை விட அவள் கொப்பியில் எழுதுவது வடிவாக இருக்கும் என்பதை மற்றப் பிள்ளைகள் என் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள்.

மலை ரயில் குன்னூரில் நின்றது நின்றதுதான். மேலே பாதையில் மண்ணும் கல்லும் விழுந்திருக்கிறது, அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அரை மணியில் கிளம்பிவிடும் என்றார்கள். சென்ற ஆடியில் இந்த மலை முழுக்கச் சரிந்தது என்று பேப்பரில் படித்திருந்தேன். பங்குனி பிறந்தும் இன்னும் அள்ளி முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அரை மணி சொன்னபடி அரை மணியில் முடிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அந்த அரை மணியில் ஒரு தேநீர் குடித்தேன். ஏலம் போடுகிற ஊர், தேயிலைப் பெட்டிகள் லாரி லாரியாக இறங்குகிற ஊர், தேநீர் எப்படி இருக்குமோ என்று ஆசையோடு வாங்கினால் பாலும் சீனியும் சேர்ந்து தேயிலையை மூச்சு முட்ட அழுத்திவிட்டன. எங்களூரில் வெறும் தேயிலைச் சாயத்தை உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். இலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இலையின் ருசி போதும். கடைக்காரரிடம் பாலில்லாமல் ஒன்று கேட்டேன். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தவர் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அவருடைய அப்பிச்சி, அதாவது தாய்வழித் தாத்தா, காலத்திலேயே கீழே கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மேலே வந்த குடும்பமாம். நான் வாயைத் திறந்ததுமே, "ஏனுங்க, சிலோனுங்களா?" என்றார். ஆமாம், பந்தலூருக்குப் போகிறேன் என்றேன். ரயில் பாதையை எப்படிச் சீக்கிரம் சரிசெய்கிறார்கள் பாருங்கள் என்று நான் புகழ, அவர் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். இந்த மலையில் இரண்டு வகை ரோடு உண்டு, ஒன்று சீசன் ரோடு, மற்றது மழை ரோடு என்றார். சித்திரை வைகாசியில் ஊட்டிக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவது சீசன் ரோடு. அது விழுந்தால் ஒரு வாரத்தில் எழுந்துவிடும். மற்றது விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், அடுத்த மழை வந்து அதை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும். "நீங்க போற பந்தலூரெல்லாம் சுத்தமா மழை ரோடுங்க. செருப்ப இறுக்கிப் போட்டுக்குங்க."

லவ்டேலில் கோட்டுப் போட்ட பையன்கள் மட்டையும் பந்துமாக ஏறி, ஒரே ஆங்கிலமாகப் பேசி, ஊட்டியில் இறங்கிப் போனார்கள். குளிர், யூக்கலிப்டஸ் வாசம், தகரக் கூரை. எங்கள் நுவரெலியாவை யாரோ பிரதியெடுத்து இங்கே ஒட்டிவைத்தது போலிருந்தது. ஒரு கணம் ஊரிலேயே இருக்கிறேன் என்று நினைத்து நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். கூடலூர்ப் பஸ் நடுவட்டம் தாண்டியதும் டயர் வெடித்து, அந்தப் பெருமிதத்தை இறக்கி ரோட்டோரத்தில் உட்கார வைத்தது.

டயர் மாற்றுகிற நேரத்தில் எனக்குப் பின்னால் இரண்டு மலையாளத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பாதி புரிந்தது, பாதியைப் பக்கத்தில் இருந்தவர் தமிழாக்கித் தந்தார். ஒருத்தி சொல்கிறாள்: "உங்கள் பாலம் கட்டியாயிற்றா?" மற்றவள்: "அளந்துகொண்டு போனார்கள்." "எப்போது?" "மூன்று தடவை." இருவரும் சிரித்தார்கள். வெள்ளைச் சால்வை போர்த்திய படகர் ஒருவர் தம் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார். அளப்பதால் பள்ளம் தூர்ந்துவிடும் என்றால் எங்கள் ஊர் இந்நேரம் சமவெளி ஆகியிருக்கும் என்றாராம். மூன்று மொழிக்காரர்கள் ஒரே குறையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அந்த ரோட்டோரம் எனக்குப் பிடித்துப் போயிற்று.

பந்தலூர் தாண்டி மூன்று மைல். பஸ் நின்ற இடத்தில் ரோடு நின்றது.

நின்றது என்றால், நாக்கு அறுந்தாற்போல நின்றது. தார் முடிகிற விளிம்பு, அதற்குக் கீழே பனைமர உயரத்துக்குச் சிவந்த பள்ளம், அடியில் இப்போது மெலிந்து கிடக்கிற ஒரு ஓடை. எதிர்க்கரையில் அதே தார் ரோடு ஒன்றும் நடக்காதது போல மறுபடி தொடங்கித் தேயிலைக்குள் வளைந்து போனது. நடுவே இரண்டு சில்வர் ஓக் மரங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. எதிர்க்கரையிலிருந்து சேலைக்கு மேல் படங்குச் சாக்கைக் கட்டிய ஒருத்தி, கொழுந்துக் கூடையோடு, கம்பியைத் தொடாமல் விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"சேர்!"

பதினைந்து வருட வாத்தியார் வேலையில் எங்கள் ஊரில் "சார்" என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. இந்த நாட்டில் இறங்கிய நாளாக எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு எழுத்து மாறுவது என்ன பெரிய விஷயம் என்பீர்கள். சிவகாமியின் "சேர்" காதில் விழுந்த பிறகுதான் என் சட்டை எனக்கே பொருந்தியது.

மரத்தின் மேல் நான் எப்படிக் கடந்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

அன்று சாயந்தரம் அவர்கள் வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். சம்பலுக்கு மிளகாயோடு மாசியை உரலில் இடிக்கிற சத்தம் கேட்டு அந்த வரிசையில் இருந்த பதினெட்டு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு விரல் நுனி சம்பல் என்று பொட்டலம் முழுவதும் ஒரே வேளையில் தீர்ந்தது. சிவகாமியின் புருஷன் ராசையா, அதிகம் பேசாதவன், விரலைச் சப்பிவிட்டு, "ஊரு வந்துட்டுப் போயிருச்சு" என்றான்.

விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆடி மழையில் மலை சரிந்து வந்தபோது தண்ணீர் போகிற மதகும் அதன் மேலிருந்த ரோடும் சேர்ந்து போய்விட்டன. கொழுந்து லொறி இந்தப் பக்கம் வருவதில்லை. பறித்ததைத் தலையில் சுமந்து மரத்தின் மேல் நடந்து, அக்கரையில் கொண்டுபோய் நிறுக்கிறார்கள். கொழுந்து சூடேறிக் கறுத்துப் போகிறது என்று பாக்டரியில் திருப்பி விடுகிறார்கள். தோட்ட நிர்வாகம் இரண்டு தடவை சொல்லிவிட்டது: ஆனி மழைக்குள் லொறி வர வழியில்லையென்றால் இந்தப் பிரிவை மூடிவிடுவோம், பதினெட்டுக் குடும்பத்தையும் காலியிருக்கிற வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவோம்.

பிரித்து அனுப்புவது என்ற சொல் அங்கே எப்படி விழுந்தது என்பதை நான் பார்த்தேன். எல்லாரும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மண்டபம் முகாமில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, ஒவ்வொரு அதிகாரியிடமும் கெஞ்சி, ஒன்றாக ஓரிடத்துக்கு அனுப்புங்கள் என்று வாங்கி வந்த இடம் இது. ஏற்கனவே பாதிப் பேரைக் கடலுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள். மிச்சமிருக்கிற பாதியையும் கூறு போடப் போகிறார்கள்.

மனு எழுதுவது சிவகாமியின் வேலை. மூன்று மனு போட்டிருக்கிறாள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு, நடவடிக்கைக்கு இடமில்லை என்று. பேச்சாயி என்று ஒருத்தி, நாற்பத்தைந்து வயது இருக்கும், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"இவ எழுத்து வடிவா இருக்கு வடிவா இருக்குன்னு நாங்களும் கைநாட்டு வச்சதுதான் மிச்சம். வடிவுக்கா மதகு கட்டுவான்? சிலோன்காரின்னு தெரிஞ்சாலே மூடி வச்சிருவான்."

சிவகாமி எழுந்து உள்ளே போனாள். மனுவின் நகலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள், எட்டாம் வகுப்பில் கொப்பி நீட்டுவது போலவே. படித்தேன். பொருள்: உடைந்த மதகு கட்டித் தருதல். கீழே பதினான்கு வரி. எங்கே மதகு, எப்போது உடைந்தது, எத்தனை குடும்பம், என்ன கஷ்டம். ஒரு பிழை இல்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. என்னால் இதைவிட நன்றாக எழுத முடியாது என்றேன். அது உண்மை. அந்த உண்மைதான் தப்பாகப் போயிற்று என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் நானும் சிவகாமியும் கூடலூருக்குப் போனோம். அரசாங்க அலுவலகங்களின் வாசம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பசையும் பழைய கடுதாசியும் மதியச் சாப்பாட்டுக் குழம்பும் கலந்தது. ரோடுகளைக் கவனிக்கிற அந்த அலுவலகத்தின் எழுத்தர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்ட மனிதராக இருந்தால் கோபப்படலாம். உட்காருங்க என்று பெஞ்சைக் காட்டினார், தண்ணீர் கொடுத்தார், கட்டுக் கட்டாக எடுத்துப் பார்த்தார். கடைசியில் மூன்று மனுவும் ஒரே கட்டில் கிடைத்தன. மேலே வேறொரு அலுவலகத்தின் முத்திரை.

"இது எங்களுது இல்லீங்களே. பாசனத்துக்காரங்களுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்குது" என்றார்.

பாசனமா என்று நான் கேட்டேன். அவர் குறிப்பைப் படித்துக் காட்டினார். மேற்படி கிராமத்தில் ஏரியோ குளமோ இல்லை. அவற்றால் பாய்கிற நிலமும் இல்லை. ஆகவே மதகு கட்ட வேண்டிய அவசியம் எழவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"ஏனுங்கம்மா, ஏரியே இல்லாத ஊருக்கு மதகு எதுக்குங்க?"

சிவகாமி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக வைப்பதுதானே மதகு, அதற்கு ஏரி எதற்கு என்று நான் கேட்டேன். அவர் முகத்தில் மெல்ல மெல்ல விடிந்தது. இங்கே மதகு என்றால் ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற பலகைக் கதவு. நாங்கள் சொல்வதற்கு இங்கே சிறுபாலம் என்று பெயர். ஒரே தமிழ், ஒரே சொல், நடுவில் இருபது மைல் கடல்.

அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கு வரும் பாதையில் எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருந்தது. கரும்பலகையில் ம, த, கு என்று எழுதி, மழைக்காலத்தில் அதன் மேல் உட்காராதீர்கள் என்று வாக்கியம் அமைத்துக் காட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்கு வியர்த்தது.

சிவகாமிக்கு வியர்க்கவில்லை. எழுந்து நின்று, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"சரி சார். எங்க சொல்லு வேற. பொருள் மட்டும் படிச்சா அப்பிடித்தான் இருக்கும். அதுக்குக் கீழ பதினாலு வரி எழுதியிருக்கேனே. லொறி வர முடியலன்னு எழுதியிருக்கேன். பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு மரத்து மேல நடக்குதுன்னு எழுதியிருக்கேன். ஏரித் தண்ணியிலயா சார் லொறி வரும்?"

எழுத்தர் மனுவை வாங்கிக் கீழே உள்ள பதினான்கு வரியையும் அப்போதுதான் படித்தார். முதல் முறையாகப் படிக்கிறார் என்பது அவர் உதடுகள் அசைந்ததிலேயே தெரிந்தது. படித்து முடித்து, மன்னிச்சுக்கங்க என்றார். இதை நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் மன்னிப்பினால் ஃபைல் நகராது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் ஒரு எண் உண்டு. கைப்பிடிச் சுவரில் வெள்ளையடித்துக் கறுப்பில் எழுதியிருப்பார்கள். அந்த எண் இருந்தால் அவரே ஃபைல் போட்டு இன்ஜினீயர் மேசையில் வைத்துவிடுவார். அந்த ரோட்டின் பதிவேடு மழையில் நனைந்து எழுத்தெல்லாம் ஊறிப் போயிற்று. எண் என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியாது. ஆறு வருடம் தினமும் கடந்து போன சுவர், யாரும் படிக்கவில்லை.

"சொவரு போயிட்டுதுங்களே" என்று எழுத்தரே வருத்தப்பட்டார்.

திரும்பப் பஸ் ஏறினோம். நான் புது மனு எழுதலாம், சிறுபாலம் என்று போடலாம் என்றேன். தலையாட்டினாள். கொஞ்சம் கழித்துச் சொன்னாள், சொல்லை மாற்றுவது பெரிய விஷயமில்லை, ஆனால் இனி எழுதினதை நம்பப் போவதில்லை என்று. என் தொழிலைப் பற்றி என் மாணவி சொன்ன தீர்ப்பு. ஜன்னல் வழியே காப்பிப் பூ வாசம் வந்துகொண்டிருந்தது. நான் அதை முகர்ந்துகொண்டிருந்தேன்.

அன்று வரிசை வீட்டில் கதை பரவியதும் முதலில் பேச்சாயிதான் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "நாம ரோட்டக் கேட்டோம், அவன் ஏரியத் தேடியிருக்கான். இன்னுங் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஏரியையும் வெட்டிக் குடுத்திருப்பான் போல." பிறகு சிரிப்பை நிறுத்தி, சிவகாமியின் தோளில் ஒரு அடி போட்டு, "உன் எழுத்து மேல பழியப் போட்டேன்டி, மனசுல வச்சுக்காத" என்றாள். அவ்வளவுதான். அங்கே மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்படுகிறது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு வீட்டிலிருந்தும் ஆள் இறங்கினார்கள். ஊரில் இதைச் சிரமதானம் என்போம். கூலியில்லாமல், தேநீருக்கும் பேச்சுக்கும் ஊரே சேர்ந்து செய்கிற வேலை. இங்கே வந்தும் அந்த வழக்கத்தை விடவில்லை. பள்ளத்துக்குள் ஓடையோடு இறங்கி, உருண்டு போன கல் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். வெயில் சுள்ளென்று அடித்தது, அடியில் சேறு முழங்காலுக்கு வந்தது, அட்டை என் கணுக்காலைக் கண்டுபிடித்த வேகத்தில் அந்த அலுவலகம் ஃபைலைக் கண்டுபிடித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மத்தியானத்துக்குள் இருந்த நம்பிக்கை மத்தியானத்துக்குப் பிறகு தளர்ந்தது. சுண்ணாம்புத் துண்டுகள் கிடைத்தன, எண் இல்லை. ஒரு சுவரின் பாதி கிடைத்தது, அதில் எவனோ கரித்துண்டால் எழுதிய இரண்டு பேரின் காதல் இருந்தது. பேச்சாயி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாள், கேட்டுவிட்டு, இவன்களுக்காவது பாலம் உபயோகப்பட்டதே என்றாள்.

ராசையாதான் கடைசியில் கண்டான். வேரோடு விழுந்த ஒரு பலா மரத்தின் கீழே, குப்புறக் கிடந்த ஒரு துண்டு. அலவாங்கை, இங்கே கடப்பாரை என்பார்கள், அடியில் கொடுத்து நெம்பினான். மூன்று பேர் சேர்ந்து தள்ளினார்கள். கல் தயங்கி, எழுந்து, மல்லாந்தது. சேற்றைச் சிவகாமி முந்தானையால் துடைத்தாள். வெள்ளைப் பூச்சு. கறுப்பு எழுத்து. ஏழு, ஒரு சாய்வுக் கோடு, மூன்று.

எல்லாரும் சுற்றி நின்று எண்ணை ஆளுக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார்கள்.

நான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றேன். சிவகாமி என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"தாள் வேணாம் சேர். கல்லையே கொண்டு போவோம்."

ஐந்தாம் நாள் காலைப் பஸ்ஸில் கல் ஏறியது. கயிறு கட்டி, மூங்கிலில் மாட்டி, நான்கு பேர் தூக்கி வந்து நடைபாதையில் வைத்தார்கள். வழி அடைத்துக்கொண்டது. கண்டக்டர் இறக்கச் சொன்னார், பிறகு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். பேச்சாயி கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "இது எங்க கல்லு இல்ல தம்பி, கவர்மெண்டு கல்லு. நம்பர் போட்டிருக்கு பாருங்க. கவர்மெண்டு சாமான் கவர்மெண்டு பஸ்ஸுல போறதுக்கு டிக்கெட் யாரு எடுப்பா?" கண்டக்டர் குனிந்து நம்பரைப் பார்த்தார். பின்னால் இருந்த மலையாளிப் பெரியவர் ஒருவர், நியாயமாணு, விட்டுரு மோனே என்றார். பஸ் கிளம்பியது. வழியில் ஏறியவர்கள் எல்லாரும் கல்லைத் தாண்டிப் போனார்கள், என்ன ஏது என்று கேட்டார்கள். கூடலூர் வருவதற்குள் எங்கள் ஊர்க் கதை அந்த ரோட்டுக்கே தெரிந்துவிட்டது. இறங்கும்போது கேட்காமலே இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். தங்கள் ஊரில் உடைந்த சிறுபாலத்தின் சுவரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்.

மேசையின் மேல் கல்லை வைத்ததும் மேசை முனகியது. எழுத்தர் எழுந்து நின்றார். சேறு காய்ந்து அவருடைய தாள்களின் மேல் உதிர்ந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. பேனாவைத் திறந்து, கல்லைப் பார்த்துப் பார்த்து, ஒரு புதிய ஃபைலின் மேல் ஏழு பை மூன்று என்று எழுதினார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து இன்ஜினீயர் வந்தார். இளவயதுக்காரர், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். என்ன இது என்று கேட்டார். சிவகாமி சொன்னாள்:

"மூணு தடவ எழுதினோம் சார். படிக்கல. அதனால நேர்ல கூட்டிட்டு வந்துட்டோம்."

அவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தரையைப் பார்த்தார். எழுத்தர் தந்த பழைய மனுக்களில் மேலாக இருந்ததை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார், பொருளை மட்டுமல்ல. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். நாங்கள் ஜீப்பின் பின்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம். கல் மட்டும் அலுவலகத்திலேயே இருந்தது. இருக்கட்டும், திருப்பித் தர வேண்டாம் என்றாள் பேச்சாயி.

தார் முடிகிற இடத்தில் ஜீப் நின்றது. இன்ஜினீயர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். இங்கிருந்தே கணக்குப் போட்டுவிடலாம் என்றார். எதிர்க்கரையை இங்கிருந்து எப்படி அளப்பீர்கள் என்று ராசையா மெதுவாகக் கேட்டான். அவன் அதிகம் பேசாதவன் என்று சொன்னேன், பேசினால் இப்படித்தான். இன்ஜினீயர் செருப்பைக் கழற்றி விளிம்பில் வைத்தார். மரத்தின் மேல் காலை வைத்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதி தூரத்தில் கீழே பார்த்துவிட்டார், பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு முன்பே கடந்து போயிருந்த சிவகாமி எதிரே நடந்து வந்து கையை நீட்டினாள்.

"கீழ பாக்காதீங்க சார். என் மொகத்தப் பாத்து நடங்க. எங்க பிள்ளைகளுக்கு இப்பிடித்தான் சொல்லிக் குடுக்குறோம்."

அக்கரை சேர்ந்ததும் அவர் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சு மாறிவிட்டது. அளவு நாடாவின் ஒரு முனையை ராசையாவிடம் கொடுத்து, மறு முனையைத் தானே பிடித்து, பள்ளத்தின் அகலம், ஆழம், மழை வெள்ளத்தின் உயரம், எல்லாம் அளந்தார், எல்லாம் கேட்டார். கடைசியில் சொன்னார்: புதிதாகச் சிறுபாலம் கட்ட மேலிடத்து உத்தரவு வேண்டும், அது மழை முடிந்துதான் நடக்கும். ஆனால் பெரிய சிமெண்ட் குழாய்கள் ஸ்டோரில் சும்மா கிடக்கின்றன. அவற்றை அடியில் பதித்து மேலே மண் போட்டு இறுக்கினால் லொறி போகும். அதற்கு அவருடைய கையெழுத்தே போதும். மழைக்கு முன்னால் செய்துவிடலாம்.

"எந்த வருசத்து மழை சார்?" என்று பேச்சாயி கேட்டாள்.

"இந்த வருசத்து மழைதாங்க."

சிவகாமி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எழுதிக் குடுங்க."

அப்படியெல்லாம் எழுதித் தருகிற வழக்கமில்லை என்றார் அவர். வாயால் சொல்கிற வழக்கம் மட்டும் உண்டோ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை. சிவகாமி அசையவில்லை. பதினெட்டு வீட்டுக்காரர்களும் இரண்டு கரையிலும் நின்றுகொண்டிருந்தார்கள். நிர்வாகத்தில் இதைக் காட்டினால்தான் எங்களைப் பிரித்து அனுப்ப மாட்டார்கள், எங்களுக்கு இதை விட்டால் வேறில்லை என்றாள். கெஞ்சிச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவர் அளவெடுத்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். முழங்காலில் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கி ஒரு முறை படித்தாள், மறு முறை படித்தாள், திருப்பி நீட்டினாள்.

"தேதி போடலையே சார்."

போட்டார்.

ஜீப் நின்ற கரையில் இருந்தவர்களுக்கும், அவர்களிடம் சேதி சொல்ல அங்கே கடந்து போயிருந்த பேச்சாயிக்கும் கேட்க வேண்டுமே. சிவகாமி மரத்தின் முனையில் ஏறி நின்று, பள்ளத்தைத் தாண்டிப் போகிற குரலில் வாசித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தாளில் இருந்தது எனக்குத் தெரிந்தது. "ஏழு பை மூன்றாம் எண் சிறுபாலம்" என்று தெளிவாக எழுதியிருந்தார் அந்த இன்ஜினீயர். சிவகாமியின் விரல் அந்தச் சொல்லின் அடியில்தான் இருந்தது. அவள் வாய் வாசித்தது: "ஏழு பை மூன்றாம் எண் மதகு, இந்த வருடம் மழைக்கு முன்."

வகுப்பறையாக இருந்தால், எழுத்தைப் பார்த்து வாசி என்று அதட்டியிருப்பேன். எதிர்க்கரையில் பேச்சாயி ஒரு கையை மேலே தூக்கினாள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.